மொரீஷியஸிலிருந்து ரீயூனியன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்?

மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கும் ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 232 கிலோமீட்டர். கடல் மைல் கணக்கில் 125. டிக்கெட்டைப் பார்த்தால் பயண நேரம் 45 முதல் 50 நிமிடம் என்று போட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்கிறார்கள். அப்படியானால் 17 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டாமா? மீதி அரை மணி நேரம் எங்கே போகிறது?

நியாயமான கேள்விதான். இரு தீவுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணம், காவடி, தீமிதி, துக்கம் என்று ஆண்டு முழுவதும் போக்குவரத்து நடக்கிறது. பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பலர் தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தை முடிவு செய்து, கடைசியில் அவசரப்படுகிறார்கள். குறுகிய தீவுப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் கடலைவிட, இரண்டு முனைகளிலும் நடக்கும் வேலைதான். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

தூரத்தைக் கணக்கிடுவது

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்றால், பூமியின் வளைந்த மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையின் நீளம். அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பாரிஸிலிருந்து ரீயூனியன் வரைக்குமான ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பயணத்துக்கு இந்த வளைவைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். நம் 232 கிலோமீட்டருக்கு வளைவு தரும் வித்தியாசம் பொருட்டே இல்லை. ஆகவே இந்த இடத்தைத் தட்டையான தாளாகவே நினைத்துக்கொண்டு செங்கோண முக்கோணக் கணக்கில் முடித்துவிடலாம்.

பிளேசான்ஸ் நிலையம் இருப்பது தெற்கு 20 பாகை 26 கலை, கிழக்கு 57 பாகை 41 கலை. ரோலான் காரோஸ் இருப்பது தெற்கு 20 பாகை 53 கலை, கிழக்கு 55 பாகை 31 கலை. பாகை என்பது டிகிரி. அதை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. (கலையை நிமிடம் என்றும் சொல்வார்கள். இங்கே பறக்கும் நேரத்தையும் நிமிடத்தில் பேசப்போவதால் கலை என்றே வைத்துக்கொள்வோம்.)

வடக்கு தெற்கு வித்தியாசம் 27 கலை. கிழக்கு மேற்கு வித்தியாசம் 2 பாகை 10 கலை, அதாவது 130 கலை. வடக்கு தெற்காகப் போகும்போது ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான், 1.852 கிலோமீட்டர் என்ற விநோதமான எண்ணுக்குக் காரணம் அதுவே. எனவே 27 கலை 27 கடல் மைல்.

கிழக்கு மேற்கு மட்டும் அப்படி நேராக வராது. தீர்க்க ரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்று, துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. எவ்வளவு நெருங்குகின்றன என்பதை அந்த இடத்து அட்ச ரேகையின் கொசைன் மதிப்பு சொல்லும். நம் இரு தீவுகளும் தெற்கே 20 முதல் 21 பாகைக்குள் இருப்பதால் அந்த மதிப்பு 0.936. 130ஐ அதனால் பெருக்கினால் சுமார் 122 கடல் மைல்.

இனி முக்கோணம்: 27இன் வர்க்கம் 729, 122இன் வர்க்கம் 14,884, கூட்டினால் 15,613. வர்க்கமூலம் எடுத்தால் 125 கடல் மைல் கிடைக்கும். 1.852ஆல் பெருக்கினால் 231.5 கிலோமீட்டர். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும். கலையை முழு எண்ணாக்கியதால் ஒரு கிலோமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம். இந்தக் கணக்குக்கு அது பாதிப்பில்லை.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பாகையையும் கலையையும் தசமமாக நினைத்து, 20 பாகை 26 கலையை 20.26 என்று எழுதிவிடுவது மிக அதிகம். சரியான தசமம் 20.43. நான்கு எண்களிலும் இந்தத் தவறு நடந்தால் விடை 119 கடல் மைல் என்று வரும். பதினோரு கிலோமீட்டர் குறைவு, ஆனால் பார்வைக்குச் சரியான விடை போலவே இருக்கும். பிழை நடந்ததே தெரியாது. குறி மாறினால் வேறு கதை. தெற்கு அட்ச ரேகைக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும். இரண்டு நிலையத்துக்கும் மறந்தால் தூரம் மாறாது, ஆனால் மொரீஷியஸ் ஓமான் கரைக்குப் போய்விடும். ஒன்றுக்கு மட்டும் மறந்தால் இரு தீவுகளுக்கும் இடையே 4,500 கிலோமீட்டருக்கு மேல் என்று விடை வரும். அது உடனே கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பம், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்பது. இணையத்தில் தேடினால் சில இடங்களில் தீவின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்த தூரம் வரும், சிலவற்றில் தலைநகரிலிருந்து தலைநகருக்கு. பிளேசான்ஸ் மொரீஷியஸின் தென்கிழக்கு மூலையில், மஹேபூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைநகரான போர்ட் லூயி வடமேற்கில். ரீயூனியன் இருப்பதோ மேற்கே. ஆகவே போர்ட் லூயிக்காரர் முதலில் ரீயூனியனை விட்டு விலகித் தென்கிழக்கே சாலையில் போய், பிறகு விமானத்தில் தீவைத் தாண்டி மேற்கே வருகிறார்.

அந்த 45 நிமிடத்தில் என்ன இருக்கிறது

டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர் தடைக்கட்டை வைத்திருப்பார்கள். ஊழியர் அதை இழுத்து எடுத்து, விமானம் தன் இடத்தை விட்டு அசையும் கணத்தில் கடிகாரம் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போது நிற்கிறது. கால அட்டவணை போடுவது இந்த அளவை வைத்துத்தான். தரையில் உருண்டுபோகும் நேரமும் ஓடுபாதை முனையில் முறைக்குக் காத்திருக்கும் நேரமும் இதற்குள் அடக்கம்.

இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 வகை விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு விசிறி இயந்திரம் கொண்ட டர்போபிராப். நிலையான உயரத்தில் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர், அதாவது 270 நாட் வேகம் போகும். (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.) இந்தக் குறுகிய தூரத்துக்கு அது 17,000 அடி வரை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்.

ஏறுவதற்கு 16 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு, நிமிடத்துக்கு மூன்று கடல் மைலுக்குச் சற்று அதிகம். ஆக ஏறி முடிப்பதற்குள் 50 கடல் மைல் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் மனதில் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 17,000 அடியிலிருந்து இறங்க 51 கடல் மைல் வேண்டும். நேரம் சுமார் 13 நிமிடம். மொத்தம் 125இல் ஐம்பதும் ஐம்பத்தொன்றும் போனால் மிச்சம் 24 கடல் மைல். விமானம் தன் முழு வேகத்தில் நேராகப் பறப்பது அந்த 24 கடல் மைல் மட்டுமே. அதற்கு ஆகும் நேரம் 5 நிமிடம்.

ஓடுபாதைக்கு நேராக வந்து வேகத்தைக் குறைத்து இறங்க இன்னும் 4 நிமிடம் சேர்த்தால் ஆகாயத்தில் 38 நிமிடம். இரு முனையிலும் தரையில் உருள 5 நிமிடம் வீதம் 10 நிமிடம். ஆக 48. கால அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

அந்த 5 நிமிடத்தைக் கவனியுங்கள். விமானத்தின் வேகம் இரட்டிப்பானாலும் மிச்சமாவது இரண்டரை நிமிடம்தான். ஜெட் விமானம் வந்தால் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஜெட் இன்னும் உயரமாகப் போனால்தான் சிக்கனமாகப் பறக்கும். இந்தத் தூரத்தில் அந்த உயரத்தைத் தொடுவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். கீழ் உயரத்தில் காற்று அடர்த்தி. எரிபொருள் அதிகம் குடிக்கும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக எல்லா விமானமும் 250 நாட்டுக்குள்தான் பறக்க வேண்டும் என்ற வரம்பு வேறு. ஏர்பஸ் ஏ220 போன்ற ஜெட் இதே தடத்தில் பறக்கும்போதும் டிக்கெட்டில் நேரம் பெரிதாக மாறாததற்கு இவைதான் காரணம்.

கையில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வாய்பாடு வேண்டுமானால்: டர்போபிராப் என்றால் கிலோமீட்டரை 500ஆல் வகுத்து 60ஆல் பெருக்கி 20 நிமிடம் கூட்டுங்கள். ஜெட் என்றால் 830ஆல் வகுத்து 60ஆல் பெருக்கி 30 நிமிடம் கூட்டுங்கள். 232 கிலோமீட்டருக்கு முதலாவது 48 நிமிடம் தரும், இரண்டாவது 47. வேகமான விமானத்துக்கு ஏன் அதிக நிமிடம் கூட்டுகிறோம் என்றால், அது உயரமாக ஏறி இறங்குவதால் முழு வேகத்தை எட்டாத நேரம் அதற்குத்தான் அதிகம்.

வாய்பாடு சரியா என்று வேறு தடத்தில் சோதிக்கலாம். பிளேசான்ஸிலிருந்து ரோட்ரிக்ஸ் தீவின் பிளேன் கொராய் நிலையம் சுமார் 597 கிலோமீட்டர். ஏடிஆர் கணக்கில் 72 கூட்டல் 20, அதாவது ஒரு மணி 32 நிமிடம். அட்டவணையில் ஒன்றரை மணி நேரம். சீஷெல்ஸின் மாஹே சுமார் 1,760 கிலோமீட்டர். ஜெட் கணக்கில் 127 கூட்டல் 30, இரண்டு மணி 37 நிமிடம். இதுவும் அட்டவணைக்குப் பக்கத்தில் வரும். தூரம் கூடக் கூட அந்த நிலையான 20 அல்லது 30 நிமிடத்தின் பங்கு சுருங்குவதையும் இதில் பார்க்கலாம். ரீயூனியன் பயணத்தில் அது ஏறக்குறைய பாதி. சீஷெல்ஸ் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை

இங்கேதான் ஊரின் நிலஅமைப்பும் காற்றும் வருகின்றன. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் ஏறி எதிர்க்காற்றில் இறங்க விரும்பும். மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. அதனால் பிளேசான்ஸின் ஓடுபாதை வடமேற்குத் தென்கிழக்காகவே கிடக்கிறது. ரோலான் காரோஸின் இரண்டு ஓடுபாதைகளும் ஏறக்குறைய அதே திசைதான். வடக்குக் கடற்கரையை ஒட்டி நீளவாக்கில் போகின்றன.

ரீயூனியனுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டிய திசை மேற்கு, சற்றே தெற்குச் சாய்ந்து. காற்று தென்கிழக்கிலிருந்து வந்தால் விமானம் தென்கிழக்கு நோக்கி ஓடி ஏறும். அதாவது முதல் சில நிமிடம் ரீயூனியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்கு மேல் போய், பிறகு வளைந்து மேற்கே திரும்பும். இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் இதில் வெறும் கடலைத்தான் பார்ப்பார். வலப்பக்கம் இருப்பவருக்குத் திருப்பத்தில் தீவின் தென்கரை தெரியும். ரீயூனியன் பக்கமும் இதே கதைதான். கிழக்கிலிருந்து வந்து சேர்ந்த விமானம் கிழக்கு நோக்கித் தரையிறங்க வேண்டும். ஆகவே நிலையத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் மேற்கே போய், திரும்பி வந்து இறங்கும். "அதோ ஓடுபாதை, தாண்டிவிட்டோமே!" என்று முதல்முறை பயணிகள் பதறுவது இந்த இடத்தில்தான். பதற வேண்டியதில்லை. தெற்கே உடனே மலை ஏறத் தொடங்கிவிடுகிறது. பித்தோன் தே நேழ் சிகரம் மூவாயிரம் மீட்டருக்கும் மேல். அதனால் திருப்பம் எல்லாம் கடல் பக்கமாகவே நடக்கும்.

திரும்பி வரும்போது பாதை அவ்வளவு சுற்றாது. ரோலான் காரோஸிலிருந்து கிழக்கு நோக்கி ஏறியதுமே மொரீஷியஸ் பக்கம் முகம் திரும்பியாயிற்று. பிளேசான்ஸில் இறங்க வடமேற்கிலிருந்து நுழைய வேண்டும். அதற்கு ஒரு வளைவு போதும். காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து வீசும் நாளில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும்.

காற்று எதிரே வந்தால் நேரம் கூடும், பின்னால் வந்தால் குறையும். ஆனால் மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் நின்று முகத்தில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றை வைத்து மேலே என்ன வீசுகிறது என்று சொல்லிவிட முடியாது. வணிகக் காற்று சில ஆயிரம் அடி உயரம் வரைக்கும்தான் ஆட்சி செய்கிறது. அதற்கு மேலே, முக்கியமாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து வீசும் காற்று வந்துவிடும். ரீயூனியன் போன்ற குறுகிய பயணத்தில் 20 நாட் காற்றால் வரும் வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடம்தான். ரோட்ரிக்ஸ் பயணத்தில் அதே காற்று போகவர பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும்: 322 கடல் மைலை 290 நாட்டில் கடக்க 67 நிமிடம், 250 நாட்டில் 77.

ரோட்ரிக்ஸ் பற்றி இன்னொன்று. பிளேன் கொராயின் ஓடுபாதை 1,287 மீட்டர்தான். பிளேசான்ஸில் இருப்பது மூவாயிரம் மீட்டருக்கு மேல். பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. பக்கத்தில் மாற்று விமான நிலையமும் கிடையாது. ஒரு வேளை அங்கே மேகம் இறங்கி ஓடுபாதை தெரியாமல் போனால் திரும்பி வருவதற்கும் சேர்த்து யோசித்தே எரிபொருள் நிரப்ப வேண்டும். எரிபொருள் கூடினால் எடை கூடும். எடை கூடினால் குட்டையான ஓடுபாதையில் சிக்கல். அந்தத் தடத்தில் சாமான் எடையில் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். கவுன்ட்டரில் இருப்பவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ரீயூனியனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. பிளேசான்ஸ் மூடினால் ரோலான் காரோஸ், அது மூடினால் பிளேசான்ஸ் என்று ஒன்றுக்கு ஒன்று மாற்று நிலையமாக இருக்கின்றன.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு

நேர மண்டலம் பற்றிக் கவலை வேண்டாம். மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ், ரீயூனியன், சீஷெல்ஸ் எல்லாமே உலக நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால். சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் அப்படியே கிடைத்துவிடும். டர்பனுக்கோ ஜோஹன்னஸ்பர்குக்கோ போகிறவர்கள் அப்படிக் கழித்தால் தவறு; தென்னாப்பிரிக்கா இரண்டு மணி நேரம் பின்னால். சென்னை ஒன்றரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரமே அச்சாகியிருக்கும்.

போர்ட் லூயியிலிருந்து ரீயூனியனின் தலைநகர் செயின்ட்-டெனி போகும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். பிளேசான்ஸ் வரைக்கும் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் அளவு. காலை நெரிசலையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். குறுகிய பயணம்தானே என்று கடைசி நிமிடத்தில் போகக் கூடாது. இது வெளிநாட்டுப் பயணம். இரு பக்கமும் குடிநுழைவுச் சோதனை உண்டு. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. பறப்பது 50 நிமிடம். அங்கே குடிநுழைவு, சாமான், சுங்கம் என்று முக்கால் மணி நேரம். ரோலான் காரோஸ் இருப்பது செயின்ட்-மரியில். செயின்ட்-டெனி பத்துக் கிலோமீட்டர், சாலை காலியாக இருந்தால் இருபது நிமிடம். கூட்டினால் ஐந்து மணிக்கும் சற்று மேல். அதில் விமானம் முழு வேகத்தில் பறந்தது ஐந்து நிமிடம்.

செயின்ட்-ஆந்த்ரேயில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ரோலான் காரோஸ் பக்கம்தான்; கிழக்கே அரை மணி நேரத்துக்குள். செயின்ட்-பியேர் போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். தீவின் தெற்கே பியேர்ஃபோன் என்று இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. பிளேசான்ஸிலிருந்து அது 254 கிலோமீட்டர். ரோலான் காரோஸைவிட 22 கிலோமீட்டர் அதிகம், பறக்கும் நேரத்தில் மூன்று நிமிடம் கூட ஆகாது. ஆனால் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உயர்ந்த சிகரங்கள் நிற்பதால், நேர்க்கோட்டில் 48 கிலோமீட்டராக இருப்பது கரையோரச் சாலையில் சுற்றி வரும்போது 80 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கனமழை நாளில் செயின்ட்-டெனிக்கு மேற்கே பழைய கரையோரச் சாலையில் பாறை விழும் ஆபத்து, பாதையை மூடுவார்கள். பியேர்ஃபோனுக்குச் சேவை குறைவு, காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். உங்கள் தேதியில் இருந்தால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

சுங்கத்தில் நம்மவர்கள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் பூஜைச் சாமான்களால். ரீயூனியனுக்குள் செடி, பழம், காய், பூ, இலை எதையும் பயணிகள் தங்கள் பையில் கொண்டுவரக் கூடாது; பயிர் நோயும் பழ ஈயும் பரவும் என்பதால் கண்டிப்பு அதிகம். வெற்றிலை, மாவிலை, வேப்பிலை, கட்டின மாலை, எலுமிச்சை எல்லாம் இதில் அடங்கும். வாங்கி அழித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம். பூவும் பழமும் அங்கேயே கிடைக்கும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். விசா எடுக்க வேண்டியவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: ரீயூனியன் பிரான்சின் பகுதி என்றாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கையில் இருக்கும் விசா ரீயூனியனுக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூரக் கணக்கு நேரடியாகப் பணமாக மாறும் ஓர் இடமும் உண்டு. ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. அங்கிருந்து புறப்படும் எல்லா விமானத்துக்கும், மொரீஷியஸிலிருந்து அங்கே போகும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் பயணிகளின் உரிமை பற்றிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் ஒழுங்குமுறை பொருந்தும். அதன்படி இழப்பீடு தூரத்தை வைத்து முடிவாகிறது. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1,500 கிலோமீட்டருக்குள் என்றால் 250 யூரோ. விமானத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ, மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலோ கேட்கலாம். புயல் போன்ற தவிர்க்க முடியாத காரணம் என்றால் இந்தப் பணம் வராது. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் தர வேண்டிய கடமை அப்போதும் உண்டு.

புயல் காலம்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, சில ஆண்டுகளில் மே நடுப்பகுதி வரை, புயல் காலம். தைப்பொங்கலும் தைப்பூசமும் அதன் நட்டநடுவில் விழுகின்றன. 2024 ஜனவரி 15, தைப்பொங்கல் நாளன்று பெலால் புயல் ரீயூனியனைத் தாக்கியது. அதே நாளில் போர்ட் லூயியில் வெள்ளம் புகுந்தது. இரு தீவு விமான நிலையங்களும் மூடப்பட்டன. அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. காவடிக்கு விரதம் தொடங்கும் நேரம் அது.

புயலில் இந்த 232 கிலோமீட்டர் நமக்குப் பாதகமாகவே வேலை செய்கிறது. புயல் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு வர 12 முதல் 15 மணி நேரம். முதல் நிலையம் திறக்கும் நேரத்தில் இரண்டாவது மூடியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நிலையமும் ஒரு நாள் மூடினால்கூட, தடம் மூடியிருக்கும் நேரம் அதைவிட நீண்டுவிடும். காற்று வருவதற்கு முன்பே விமானங்களை வேறு ஊருக்குப் பறக்கவிட்டுக் காப்பாற்றுவார்கள். அவை திரும்பி வந்தால்தான் சேவை தொடங்கும். அதற்குப் பிறகும் தேங்கிப்போன பயணிகளை அனுப்பி முடிக்க ஓரிரு நாள் பிடிக்கும்.

எச்சரிக்கை முறை இரண்டு தீவிலும் வேறு வேறு. மொரீஷியஸில் வகுப்பு 1 முதல் 4 வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுவீச்சு சில மணி நேரத்தில் வரக்கூடும் என்றால் வகுப்பு 3. ரீயூனியனில் வண்ணங்கள்: ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் யாரும் வெளியே வரக் கூடாது, அதற்கும் மேல் ஊதா. மொரீஷியஸில் வகுப்பு 2 என்றோ ரீயூனியனில் ஆரஞ்சு என்றோ கேட்டதும் விமான நிறுவனத்தைக் கேட்டுத் தேதியை மாற்றிக்கொள்ள முயலுங்கள். சிவப்பு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.

ரீயூனியனில் இறங்கி அங்கிருந்து பாரிஸ் போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், 50 நிமிட விமானம் தாமதமாகி 11 மணி நேர விமானம் போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. காவடி எடுக்கிறவர்கள், தாலி கட்டும் நேரத்தில் இருந்தாக வேண்டியவர்கள் புயல் மாதங்களில் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் கட்டணமில்லாமல் தேதி மாற்றக் கூடியதாக எடுங்கள்.